போட்டிக் கடையின் விலை: புரோகிராமா, சந்தா சேவையா, கைக்கணக்கா?

கோவையில் வெட் கிரைண்டர், மிக்ஸி, குக்கர் விற்கிறோம். இணையத்திலும் விற்பனை உண்டு. முன்பெல்லாம் அடுத்த கடையில் என்ன விலை என்று பார்த்துவர ஆளை அனுப்புவோம். இப்போது திரையிலேயே தெரிந்துவிடுகிறது. விலையைப் பார்ப்பது குற்றமல்ல. அதை எடுக்கும் விதத்தில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. மூன்று வழிகளையும் முயன்றுவிட்டு, இப்போது கையால் குறித்து வைப்பதற்கே திரும்பியிருக்கிறேன்.

போட்டித் தளங்களைத் தானாகவே திறந்து விலைகளை எடுத்துவரும் புரோகிராமைத் தம்பி மகன் எழுதிக் கொடுத்தான். இரண்டு லிட்டர் டில்டிங் கிரைண்டருக்கு எவராவது ஐம்பது ரூபாய் குறைத்தாலும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேகத்திலும் செலவிலும் இதற்கு ஈடில்லை.

சிக்கல் லாகினில் இருந்தது. டீலர் விலையையும் பார்க்க வேண்டும் என்று, ஒரு மொத்த விற்பனையாளரின் தளத்தில் எங்கள் கணக்கு வழியாகவே அதை ஓடவிட்டோம். ஒரு திங்கட்கிழமை காலை, ஆர்டர் போட உட்கார்ந்தால் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்துத் திரும்பப் பெற 11 நாள் ஆயிற்று. கணக்குத் தொடங்கியபோது நாங்கள் 'சம்மதம்' கொடுத்த விதிகளை அன்றுதான் முழுதாகப் படித்தேன். தானியங்கி முறையில் தகவல் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. தவறு எங்களுடையது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை இறக்குவதற்கும் நகலெடுப்பதற்கும் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் விலையைப் போட்டிருப்பதே அனுமதிதானே என்று வாதாடலாம். லாகின் செய்து உள்ளே போனபின், விதிகளுக்குச் சம்மதித்த கையோடு அப்படி வாதாடுவது கடினம். அமெரிக்காவில், லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புத் தளத்திலிருந்து புரோகிராம் வழியாகத் தரவு எடுத்து அந்நிறுவனத்தோடு மோதிய ஹைக்யூ என்ற நிறுவனத்துக்கு, திறந்த பக்கங்கள் விஷயத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாதகமாகவே இருந்தது. ஆனாலும் 2022-இல் பயனர் ஒப்பந்தத்தை மீறியதாகவே முடிவாயிற்று.

போட்டி விலைகளைத் திரட்டித் தரும் சந்தா சேவையை ஒரு மாதம்தான் பார்த்தேன். வேலை சுத்தம். தரவை எப்படி எடுக்கிறார்கள், வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை. வேறு சேவைகள் தரக்கூடும். ஒன்றை வைத்து எல்லாவற்றையும் எடைபோட மாட்டேன்.

இப்போது 38 மாடல்கள். திங்களும் வியாழனும் கடை திறக்குமுன் லாகின் இல்லாமல் பக்கங்களைத் திறந்து, விலையையும் டெலிவரி கட்டணத்தையும் நோட்டில் குறிக்கிறேன், நாற்பது நிமிடம். படத்தையும் வர்ணனையையும் தொடுவதில்லை. விலை வெறும் தகவல். அவையோ பதிப்புரிமைச் சட்டம், 1957-க்குள் வருபவை.

குறித்த விலையை வைத்துப் போட்டியாளரிடம் பேசுவதும் இல்லை. 'இதற்குக் கீழே இறங்க வேண்டாம்' என்று இருவர் ஒத்துக்கொண்டால் போட்டிச் சட்டம், 2002-இன் 3-ஆம் பிரிவு பாயும். அமேசானில் போஸ்டர் விற்ற ஒருவர், விலை நிர்ணயிக்கும் மென்பொருள் வழியாகவே அப்படி ஒத்துப்போனதற்காக 2015-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆயிரம் பொருள் விற்பவருக்கு என் நோட்டு உதவாது. அவர் சேவைக்கே போகட்டும். அந்த இரண்டு கேள்விக்கும் ஒப்பந்தத்திலேயே பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடட்டும்.