டாவின்சி ரிசால்வில் நான்கு ஆண்டுகள்: காசிமேட்டில் எடுத்ததை எடிட் செய்து கற்றது

2021 நடுவில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் 17-ஆம் பதிப்பை என் லேப்டாப்பில் ஏற்றினேன். அதற்கப்புறம் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் நான் எடுத்த செய்தி வீடியோக்கள், சின்ன ஆவணப்படங்கள் எல்லாமே இதில்தான் எடிட் ஆயின. இலவச வடிவம்தான். எடிட் முடித்து வெளியே எடுக்கும் வீடியோவில் வாட்டர்மார்க் விழாது. கட்டண வடிவத்துக்குரிய எஃபெக்டைத் தொட்டால் மட்டும் விழும். அல்ட்ரா எச்டி அளவு, நொடிக்கு 60 ஃபிரேம் வரை எடுக்கலாம். செய்திக்காரருக்கு இது தாராளம்.

என் லேப்டாப்பில் ராம் 16 ஜிபி. செல்போனில் எடுத்த 4கே வீடியோவை நேரே டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டும் இடத்தில், போட்டால் திக்கித் திணறும். முதல் மாதம் முழுக்க அப்படியே மல்லுக்கட்டினேன். ப்ராக்ஸி உருவாக்கி, அந்தச் சின்ன நகலை வைத்து வெட்டத் தொடங்கியதும் வேலை ஓடியது. கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் ஃபைலுக்கு மாறிக்கொள்ளலாம். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். டைம்லைனில் வீடியோவைப் போட்டுவிட்டால் ப்ராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது. நான் எப்போதும் 25. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமில், ஷட்டரை 50-இல் ஒரு பங்கு நொடியில் வைத்து எடுத்தால், ட்யூப்லைட் எரியும் வீட்டுக்குள் படம் மினுங்காது. இன்னொன்று, பல செல்போன்கள் ஃபிரேம் ரேட்டைச் சீராக வைப்பதில்லை. இருபது நிமிடப் பேட்டியின் முடிவில் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போய்விட்டது எனக்கு. இப்போது செல்போன் ஃபைல்களை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கொடுத்து, சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவருகிறேன்.

ஆனால் இத்தனை வருஷத்தில் நான் அதிகம் கற்றது ஃபேர்லைட் பக்கத்தில்தான், அதாவது சத்தத்தில்.

ஒரு தடைக்காலத்தில் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கட்டிப்போட்ட படகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் வட்டிக்கு வாங்கிய கதையைச் சொன்னார்.

எடிட் செய்யும்போது அந்த இடைவெளியை வெட்டிவிட்டேன். கேள்வி, உடனே பதில். வெட்டு தெரியாமலிருக்க நடுவில் அவர் கைகளின் குளோசப். படம் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று, வேறொரு மாதம் விடியற்காலை ஏலத்தில் பதிவு செய்த இஞ்சின் சத்தத்தையும் கூச்சலையும் அடியில் விரித்தேன். வெளியிடுவதற்கு முன் செல்போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டு, “தடைக்காலத்துல ஏது தம்பி இவ்ளோ இஞ்சின் சத்தம்?” என்று கேட்டார்.

அன்று இரவே அந்த ட்ராக்கை நீக்கினேன். அவருடைய காலர் மைக்கில் பதிவானது மட்டும் மிச்சம். காக்கை, எங்கோ ஒரு டிவி, படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். இஞ்சின் ஓடாத துறைமுகம் எப்படி இருக்கும் என்பது அதில்தான் கேட்டது. வெட்டிய இடைவெளியையும் திரும்பச் சேர்த்தேன், முழு ஒன்பது நொடி. வெட்டியிருந்தபோது அவர் வழக்கமான புகார் ஒன்றைச் சொல்வதுபோல் இருந்தது. இடைவெளியோடு பார்த்தபோது, வெளியே சொல்லத் தயங்கிய ஒரு விஷயத்தைச் சொல்வது தெரிந்தது. அவர் பேசிய சொற்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை, ஆனாலும் என் முதல் எடிட் பொய்.

அதன்பின் எங்கே கேமராவை வைத்தாலும், கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்கிறேன். வேறு நாள் சத்தத்தைச் சேர்ப்பதில்லை. ஜே கட், எல் கட் இரண்டுக்கும் இதுதான் கைகொடுக்கிறது. அடுத்த காட்சியின் ஒலியை ஒரு நொடி முன்னாலேயே நுழைத்தால் அது ஜே கட். முந்தைய ஆள் பேசுவது அடுத்த காட்சியின் மேல் தொடர்ந்தால் எல் கட். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு இழுத்தால், படத்தைத் தொடாமல் ஒலியின் நுனியை மட்டும் நகர்த்தலாம். வீட்டுக்குள் எடுத்த பேட்டியில் கரண்ட் ரீங்காரம் இருந்தால் டி-ஹம்மரை 50 ஹெர்ட்ஸில் வைத்துக் குறைக்கிறேன்.

நிறத்தைத் திருத்தும் கலர் பக்கத்துக்குத்தான் இந்த மென்பொருள் பேர் போனது. எனக்கு அதில் கை கட்டுப்பாடு தேவைப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எடுத்த காட்சிகளில், கறுப்பை இன்னும் கொஞ்சம் இறக்கினால் பார்ப்பவர் பதறுவார்கள் என்று கை போனது. இறக்கவில்லை. படகிலும் வலையிலும் ஒட்டியிருந்த எண்ணெய் தானாகவே போதுமான கறுப்பு. ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். வடசென்னை என்றாலே படத்தை அழுக்குப் பச்சையாக்கி, அடியில் பறையைத் தடதடக்க விடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இங்கே குடியிருப்பவனாகச் சொல்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வியாசர்பாடியில் ஒரு பையன் கேரம் ஆடுவதைக் காட்ட அவனை ரவுடிபோல் வெளிச்சம் போடத் தேவையில்லை.

தமிழ் சப்டைட்டிலுக்கு யூனிகோட் எழுத்துரு மட்டும் பயன்படுத்துங்கள். சப்டைட்டிலை எழுதிய எஸ்ஆர்டி ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து உள்ளே கொண்டுவந்தால் நேரம் மிச்சம்.

புதுப் பதிப்புக்கு மாறும் முன் ப்ராஜெக்ட் டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிடுங்கள். புதியதில் திறந்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. அந்த பேக்கப்பில் வெட்டுகள் மட்டுமே இருக்கும், ஃபுட்டேஜ் இருக்காது. என் ஹார்ட் டிஸ்க் ஒன்று போனபோது டைம்லைன் முழுசாக இருந்தது, ஆனால் ராயபுரத்தில் இரண்டு நாள் எடுத்த காட்சிகள் எதுவும் இல்லை. அதில் பேசிய பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. இப்போது எதை எடுத்தாலும் இரண்டு டிஸ்கில், இரண்டு வீட்டில்.

கட்டண வடிவம் 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன். விடியற்காலை மூன்று மணி ஏலத்தை எடுத்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழுகிறது. அதை நீக்கும் வசதி கலர் பக்கத்தில் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான். அந்த ஏலத்தை வைத்து அடுத்த படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இந்த வருஷம் வாங்கிவிடுவேன்.