தானாக இறங்கிய லிப்ட்: பழைய டிராக்டரோடு 14 ஆண்டுகள்

என்னிடமுள்ள அதே மாடல் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கலாமா என்றும் மருமகன் சென்ற வாரம் கேட்டான். 35 குதிரைத்திறன் என்பதும் டீசல் சிக்கனமும் அவனுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது, பின்னால் மாட்டும் கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் லிப்ட்டைப் பற்றித்தான்.

மன்னார்குடிக் களிமண்ணில் 14 ஆண்டுகளாக இந்த வண்டிதான் எங்களுக்குச் சேறடிக்கிறது. எஞ்சினை இதுவரை பிரித்ததில்லை. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாக, மேட்டூர் திறந்து குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்து வயலில் இறங்கினால், வரப்போரம் திருப்புவதற்காகத் தூக்கிய ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் சேறடிக்கும் கருவி) மேலும் கீழுமாகத் தலையாட்டும். எஞ்சினை நிறுத்தினால் 10 நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். காலையில் ஒழுங்காக இருக்கும் லிப்ட், வெயிலேறி எண்ணெய் சூடாகி இளகியதும் ஆட்டத்தைத் தொடங்கிவிடும்.

லிப்ட் தூக்கவே மறுத்தால் பம்ப்பையோ, அடைத்த வடிகட்டியையோ, எண்ணெய் அளவையோ சந்தேகிக்கலாம். தூக்கிய பின் இறங்குகிறதென்றால், சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய எண்ணெய் எங்கோ நழுவுகிறது. இதைச் சொல்லியும் பட்டறையில் முதலில் பம்ப்பையே மாற்றினார்கள். பிறகு இரண்டு முறை, எண்ணெய் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை மாற்றினார்கள். ஒன்றும் ஒரு போகம் தாங்கவில்லை.

இம்முறை வேறொரு மெக்கானிக் லிப்ட்டின் மூடியைக் கழற்றியபோது நானும் அருகிலேயே நின்றேன். வடித்த எண்ணெய் மோராக வெளுத்திருந்தது. சேற்றுநீர் கலந்ததன் அடையாளம் அது. ஓ ரிங்கின் ஒரு விளிம்பு எலி கொறித்ததுபோல் துணுக்குத் துணுக்காக அறுந்திருந்தது. அதே பள்ளத்தில் அதற்குத் துணையாக இருக்கும் தட்டை வளையம், அழுத்தம் வரும் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. அது மறுபக்கத்தில் இருந்து ஓ ரிங்கின் முதுகைத் தாங்க வேண்டும். தாங்க ஆளில்லாததால் அழுத்தம் ஏறும்போதெல்லாம் ரப்பர் இடுக்கில் பிதுங்கி அறுபட்டிருக்கிறது. ஒரு வளையம் பக்கம் மாறியதற்காக மூன்று குறுவைக்கு, நாற்று முற்றிக்கொண்டிருக்க, வாடகை வண்டியை எதிர்பார்த்து வரப்பில் நின்றதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வளையங்களை முறையாகப் போட்டு, எண்ணெய் முழுவதையும் மாற்றியபின், நேற்று ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்தி, யாரையும் அதனடியில் போகவிடாமல், அளவுகோலோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. குற்றம் வண்டியுடையது அன்று. இவ்வளவு உழைக்கும் வண்டியை நான் விற்கப் போவதும் இல்லை.

இருந்தும் மருமகனிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அந்த வண்டியின் லிப்ட்டை இதற்குமுன் யார் யார் பிரித்தார்கள் என்று விற்பவருக்கே தெரியவில்லை.