பழைய ஐபொட்டில் ரொக்பொக்ஸ்: பாட்டுப் பட்டியல் குழம்பினால் என்ன செய்யலாம்

அப்பிள் நிறுவனத்தின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபொட்டில், 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 30 ஜிகாபைட் வகை ஒன்றை மட்டக்களப்பில் இன்றும் நாளாந்தம் பாவித்து வருகிறேன். அப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக அதில் நிறுவியிருக்கும் ரொக்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பற்றியும், குறிப்பாக அதன் பாட்டுத் தரவுத்தளத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். என் சேகரிப்பில் பெரும்பகுதி கடையில் வாங்கிய இறுவட்டுகள் அல்ல. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்துகளின் அரங்கேற்றங்கள், வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் குளிர்த்திப் பாடல்கள், கசெற்றிலிருந்து கணினிக்கு மாற்றிய பழைய பதிவுகள் ஆகியவையே அதில் அதிகம். இத்தகைய சேகரிப்பு உள்ளவர்களுக்கு ரொக்பொக்ஸைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு பெருங்குறை உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

அப்பிளின் சொந்த மென்பொருளில் பாடல்கள் ஐடியூன்ஸ் மூலம் ஏற்றப்பட்டு, நான்கெழுத்துப் பெயர்களுடன் மறைவான பல கோப்புறைகளுக்குள் பிரித்துப் போடப்படுகின்றன. எந்தப் பாட்டு எங்கே கிடக்கிறது என்ற விபரம் ஐடியூன்ஸ்டிபி என்ற ஒரு கோப்பில் இருப்பதால், அது பழுதடைந்துவிட்டால் வட்டு நிறையப் பாட்டு இருந்தும் திரையில் எதுவும் தெரியாது. 2001ஆம் ஆண்டு ஆர்க்கோஸ் நிறுவனத்தின் பாட்டுக் கருவிகளுக்காகத் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் ரொக்பொக்ஸில் பாடல்கள் நாம் வைத்த இடத்தில், நாம் வைத்த பெயரிலேயே இருக்கும். அதன் தரவுத்தளம் என்பது ஒவ்வொரு கோப்பின் டேக்கையும், அதாவது கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு போன்ற விபரங்களையும், வாசித்துத் தயாரித்த ஓர் அட்டவணை மட்டுமே. அந்த அட்டவணை முழுவதையும் அழித்தாலும் ஒரு பாட்டுக்கூட அழியாது. பழைய கருவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

புதிதாகச் சேர்த்த பாட்டு தோன்றாவிட்டால், அல்லது அழித்த பாட்டின் பெயர் இன்னும் தெரிந்தால், முதலில் அமைப்புகளில் உள்ள ‘அப்டேட் நவ்’ என்பதை அழுத்துங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அதற்கும் சரிவராவிட்டால், கருவியைக் கணினியில் இணைத்து, ரொக்பொக்ஸ் கோப்புறைக்குள் டிசிடி என்ற பின்னொட்டுடன் இருக்கும் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டு, ‘இனிஷியலைஸ் நவ்’ மூலம் அட்டவணையைப் புதிதாகக் கட்டலாம். ஆனால் எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம், எதற்கு எத்தனை புள்ளி கொடுத்தோம் என்ற விபரங்களும் அந்தக் கோப்புகளிலேயே இருக்கின்றன. அவற்றைப் பேணுபவர்கள் ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையால் அவற்றை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்துப் பின்னர் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அட்டவணை கட்டும்போதே கருவி உறைந்துவிடுவதுதான் உண்மையான தலையிடி. மெனுப் பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் கருவி மறுபடி தொடங்கும். அதன்பின் திரையில் ஓடும் எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நின்றால் ஏதோ ஒரு கோப்பில் பழுது. இடம் மாறி மாறி நின்றால், அல்லது உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டால், வட்டையே சந்தேகிக்க வேண்டும். பழுதான கோப்பைப் பிடிப்பதற்கு ரொக்பொக்ஸ் நல்ல வழி ஒன்றைத் தருகிறது. ‘டேட்டாபேஸ்.இக்னோர்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை எந்தக் கோப்புறையில் வைக்கிறோமோ, அந்தக் கோப்புறையை அட்டவணை தொடாமல் விட்டுவிடும். பாதிக் கோப்புறைகளை இப்படி மறைத்துப் பார்த்து, பின்னர் மிஞ்சியதில் பாதியை மறைத்துப் பார்த்து, தேடும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போகலாம். எனக்கு அகப்பட்டது, பிரதி எடுக்கும்போது கரண்ட் போனதால் பாதியில் நின்றுபோன ஒரு வரவுப் பாட்டு, அதாவது கூத்தில் பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடப்படும் பாட்டு. கணினி அதன் அளவைச் சரியாகவே காட்டியது; உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அதை நீக்கியதும் அட்டவணை தங்குதடையின்றி முடிந்தது.

டேக்குகளின் சீர்கேடு நம்மவர்களின் சேகரிப்பில் மிக அதிகம். எம்பி3 கோப்பின் இறுதியில் ஒட்டப்படும் ஐடி3 என்ற டேக் முறையின் பழைய முதற்பதிப்பு, பாட்டின் பெயருக்கு 30 பைட் இடத்தையே ஒதுக்குகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் நீளமான ஒரு சொல்லே பாதியில் அறுந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய பெயர்களோ வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இவற்றைக் கருவியில் திருத்த முயலாமல், கணினியில் எம்பி3டேக் போன்ற மென்பொருளால் யுனிகோடுக்கு மாற்றி, ஐடி3 இரண்டாம் பதிப்பாகச் சேமிப்பதே முறை. ஒரே பெயருள்ள இரண்டு தொகுப்புகள் ஆல்பம் பட்டியலில் ஒன்றாகக் கலந்துவிடும் என்பதால், கோயில் பதிவுகளுக்கு ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே பெயரிடுகிறேன்.

வட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மக் கணினியில் வடிவமைக்கப்பட்ட ஐபொட்டை ரொக்பொக்ஸ் வாசிக்காது; வட்டு, விண்டோஸ் கணினியிலும் வாசிக்கக்கூடிய எஃப்ஏடி32 என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். தேய்ந்துபோன வட்டுக்குப் பதிலாக எஸ்டி காட் பொருத்தும் இணைப்பிகளும் கிடைக்கின்றன.

இனி அந்தக் குறை. யுனிஃபொன்ட் எழுத்துருவைத் தெரிவுசெய்தால் தமிழ் எழுத்துகள் திரையில் வருகின்றன. ஆனால் அவற்றை ஒழுங்குபடுத்திச் சேர்க்கும் வசதி ரொக்பொக்ஸில் இல்லை. எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் விழுகிறது. ‘தென்மோடி’ என்ற சொல்லை ஊகித்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் டேக்குகளைத் தமிழிலும், கோப்புறைப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் வைத்து, அவசரத்துக்குக் கோப்புறை வழியாகவே பாட்டைத் தேடுகிறேன். ரொக்பொக்ஸின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடியவாறு திறந்தே இருக்கிறது. தமிழும் நிரலாக்கமும் தெரிந்த யாராவது இந்த ஒரு வேலையில் கைவைக்க முன்வந்தால், சோதித்துப் பார்ப்பதற்கு என் கருவியையும் கூத்துப் பதிவுகளையும் மனமுவந்து தருவேன்.