பைக் ஓட்டக் கற்றுக்கொள்ள: மாமாவா, டிரைவிங் ஸ்கூலா, பயிற்சி மையமா?

அக்கா மகளுக்கு 18 வயது முடிந்த வாரமே எல்எல்ஆர் போட்டாகிவிட்டது. யார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் வீட்டில் இழுபறி. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, "நானே கத்துக்குடுத்தர்றேன், இதுக்குப் போயி காசு குடுப்பாங்களா?" என்றார். அக்காவுக்கு டிரைவிங் ஸ்கூல்தான் நம்பிக்கையாக இருந்தது. நான் மூன்றாவதாக, வண்டி கம்பெனி நடத்துகிற பயிற்சி மையத்துக்கு ஒரு நாள் அனுப்பலாம் என்றேன். முதல் இரண்டு வழியிலும் நானே கற்றவள், மூன்றாவதில் அவளோடு ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்தவள். அதனால் மூன்றைப் பற்றியும் சொல்ல எனக்கு விஷயம் இருக்கிறது.

நான் எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: வண்டியை நிறுத்த எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்? கிளப்பவும் ஓட்டவும் எல்லா இடத்திலும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போய்விடும். குறுக்கே ஏதோ வந்துவிட்டது என்று மண்டையில் உறைத்து விரல் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஏறக்குறைய அந்த ஒரு நொடி தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நம் கை என்ன செய்யும் என்பது பழக்கம். அந்தப் பழக்கத்தை யார் உண்டாக்கித் தருகிறார்கள் என்று பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் மாமா. 2004-ல் எனக்கு அவர்தான் பள்ளிக்கூட மைதானத்தில் தன் ஸ்பிளெண்டரில் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் முழுக்க ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. முதல் கியர், கிளட்ச், அவ்வளவுதான். "கிளட்ச உடு கண்ணு, மெதுவா, இன்னும் மெதுவா" என்று கூடவே நடந்து வந்தார். விட விட ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி லேசாக முன்னால் எக்கும். அங்கே விரலை நிறுத்திக்கொண்டால் வண்டி நடக்கிற வேகத்தில் தானாக நகரும். அதை முப்பது நாற்பது முறை செய்தேன். மணிக்கட்டு வலித்தது, ஆனால் அன்றைக்குப் பிறகு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பும்போதுகூட வண்டி என்னிடம் ஆஃப் ஆனதில்லை. இந்தப் பொறுமையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வீட்டு ஆளிடம் கற்பதில் உள்ள பெரிய லாபமே அதுதான்: நேரம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், நாளைக்கும் வருவார்கள், நாம் தினமும் ஓட்டப்போகிற வண்டியும் அதுவாகவே இருக்கும்.

ஆனால் அதே மாமாதான் இதையும் சொன்னார்: "முன் பிரேக்கத் தொடாத கண்ணு, தூக்கிப் போட்டுரும்." நம் ஊரில் பாதிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் ரோட்டுக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். மூன்று மாதம் கழித்து, வாய்க்கால் மேட்டு ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் மட்டும் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் என்னைக் கீழே தள்ளியது. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்பதை எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் நம் பாரமும் முன் சக்கரத்தின் மேல் சாயும். பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டதும் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். அப்போது ரோட்டை இறுக்கிப் பிடித்திருப்பது முன் சக்கரம். பின் சக்கரம் பாரம் குறைந்து நிற்கும், ஓங்கி மிதித்தால் சட்டென்று பூட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. மாமா சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு: ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணல் கிடக்கும் வளைவிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும். அதற்குப் பதில், வண்டியை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை ஈரத்துணி பிழிகிற மாதிரி கூட்டிக் கூட்டிப் பிடிக்கப் பழக வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் (ஓங்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது) கட்டாயம், அதற்குக் கீழே உள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிப்பது) இருக்க வேண்டும். ஆனால் பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். வீட்டில் நிற்கிற பழைய வண்டியில் அதுவும் கிடையாது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு நாம் கொடுப்பதோ பெரும்பாலும் அந்தப் பழைய வண்டியைத்தான்.

அடுத்தது டிரைவிங் ஸ்கூல். நான் லைசன்ஸுக்காக ஒன்றில் சேர்ந்தேன். பத்து நாள், நாளுக்கு அரை மணி, அந்த அரை மணியிலும் ஒரே வண்டிக்கு நாங்கள் நாலு பேர் காத்திருந்தோம். கற்றுக்கொண்டது எட்டுப் போட. எட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்: கால் ஊன்றாமல் மெதுவாக வளைப்பதற்குக் கிளட்சும் பின் பிரேக்கும் கண்ணும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், முன் சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்க்கப் பழக வேண்டும். நெரிசலில் ஓட்டுவதற்கு அது நிஜமாகவே உதவுகிறது. ஆனால் அந்தப் பத்து நாளில் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. லைசன்ஸ் கையில் வந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டு முக்கில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வர, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டேன். திரும்புவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார், அப்புறம் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் வீட்டில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு டிரைவிங் ஸ்கூலை விட்டால் வழி இல்லை. முக்கியமாக நாற்பது வயதில் முதல் முறையாக வண்டியைத் தொடுகிற பெண்கள். எங்கள் தெருவுக்கே வந்து ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கிற ஓர் அக்கா இருக்கிறார், பின்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு தைரியம் சொல்லிக்கொண்டே வருவார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்களை அவர் கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தாங்களே போய்வர வைத்திருக்கிறார். அந்த உதவிக்கு நான் விலை சொல்ல மாட்டேன். பணம் கட்டும் முன் நான்கு விஷயம் மட்டும் கேட்டுவிடுங்கள்: ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ரோட்டில் எத்தனை நாள், பிரேக் பிடிக்கத் தனியாகப் பழக்குவார்களா, லைசன்ஸ் கியர் வண்டிக்கா கியர் இல்லாததற்கா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கியர் வண்டிக்கு லைசன்ஸ் எடுத்தால் ஸ்கூட்டரும் அதில் அடக்கம். ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்தால் பிறகு பைக் ஓட்ட மறுபடி ஆர்டிஓ ஆபீஸ் ஏற வேண்டும். ஸ்கூட்டரில் அல்லது எக்ஸ்எல்லில் பேலன்ஸ் பழகிவிட்டு, டெஸ்ட்டைக் கியர் வண்டியில் கொடுப்பது நல்லது என்பேன்.

மூன்றாவது, பயிற்சி மையம். ஹோண்டா மாதிரி நிறுவனங்கள் சில நகரங்களில் நடத்துகின்றன, நம் பக்கம் கோயம்புத்தூரில் இருக்கிறது. நான் பார்த்த மையத்தில் காலையில் ஒரு மணி நேரம் இன்ஜினையே கிளப்பவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது, ஸ்டாண்டு போடுவது, முட்டியை டேங்கோடு ஒட்டி உட்காருவது. அப்புறம் ஒரு கோடு போட்டு, 20-ல் வந்து அந்தக் கோட்டில் இரண்டு பிரேக்கும் பிடிக்கச் சொன்னார்கள். நின்ற இடத்தில் ஒரு அடையாளம். அடுத்து 40-ல். எங்கள் பிள்ளை முதல் அடையாளத்தைத் தாண்டி, நான் நினைத்ததைவிட வெகுதூரம் போய்த்தான் நின்றாள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் நாலு மடங்காகும். அதை அவள் அன்றைக்குத் தரையில் பார்த்தாள். "சித்தி, இவ்ளோ தூரமா!" என்று இரண்டு அடையாளத்துக்கும் நடுவே நடந்து அளந்தாள். பத்துப் பதினைந்து முறை செய்த பிறகு முன் பிரேக்கைப் பிடிக்கிற விரல் நடுங்குவது நின்றுவிட்டது. நான் தழும்பு வாங்கித் தெரிந்துகொண்டதை அவள் ஒரு முற்பகலில் தெரிந்துகொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறையும் உண்டு. ஒரு நாள்தான், லைசன்ஸ் வேலையை அவர்கள் பார்க்க மாட்டார்கள், போகிற தூரம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, சுத்தமான தளத்தில் மாடும் இல்லை, எதிர்த்திசையில் வருகிற ஆட்டோவும் இல்லை. கிளட்ச் தெரியாமல் போனால் பாதி நாள் அதிலேயே போய்விடும். (இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடக்கிற வகுப்புகளைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அவை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, புதிதாகக் கற்பவர்களுக்கு அல்ல.)

ஆக, எங்கள் வீட்டில் செய்தது இது: இரண்டு வாரம் மாமாவிடம் கிளட்சும் கியரும், பிறகு மையத்தில் ஒரு நாள், இப்போது டெஸ்ட் தேதிக்கு மட்டும் ஸ்கூல். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும், டெஸ்ட்டை 30 நாள் கழித்துத்தான் கொடுக்க முடியும். அந்த நாட்களை வீணாக்காதீர்கள். எல் போர்டு மாட்டுங்கள், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள், மைதானத்தில்கூட ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டைப் பட்டையை மாட்டிப் போடுங்கள். 18 ஆகாத பிள்ளைக்கு "பழகட்டும்" என்று சாவியைக் கொடுக்கவே வேண்டாம்: 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, பிள்ளைக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது.

ஒரே ஒரு வழிக்குத்தான் வசதி என்றால், நான் வீட்டு ஆளையே சொல்வேன், முன் பிரேக்கைச் சேர்த்துப் பழக்க அவர் சம்மதித்தால். காய்ந்த, நேரான தளம், அடையாளத்துக்கு ஒரு செங்கல் துண்டு, 20-லிருந்து ஆரம்பித்து, தினமும் பத்து முறை. சம்மதிக்காவிட்டால் ஸ்கூலுக்குப் போங்கள், அந்த நான்கு கேள்வியோடு. மாமாவும் முதலில் முடியாது என்றுதான் தலையை ஆட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பேத்தி பிரேக் பிடித்துக் காட்டியதும், "எங்க, அந்தக் கல்ல இப்பிடி வையி" என்று தன் ஸ்பிளெண்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். வலது கையின் இரண்டு விரல் முன் பிரேக்கின் மேல் இருந்தது.