ஒரே ஒரு வால்வு ஆம்ப்: டீலக்ஸ் ரிவெர்பா, ஏசி15ஆ, டிஎஸ்எல்20ஆ?

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவருக்கு வால்வு ஆம்ப் (வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டி) இரண்டு வைக்க இடமும் இருக்காது, காசும் இருக்காது. ஒன்றுதான். அதன் முன்னால் வந்து உட்காருகிறவர்களோ பலவகை. ஒருநாள் சபை கொயர் கிறிஸ்துமஸ் பாட்டு பதிய வரும். கிட்டார் குரலுக்குப் பின்னால் அமைதியாக நடந்தால் போதும். மறுநாள் பாறசாலையிலிருந்து பேண்ட் பையன்கள் வருவார்கள். "சேட்டா, கொறச்சு கூடி கெயின்" (அண்ணா, இன்னும் கொஞ்சம் கெயின்; ஒலியை உடைத்து உறும வைப்பது அதுதான்) என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு கோரிக்கை இல்லை. இடையில் யாராவது ஒருவர் கிட்டாரில் ஆலாபனை வாசிக்க வருவார். இந்த மூன்று பேருக்கும் முகம் கொடுக்கக்கூடிய ஆம்ப் எது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். மேடையில் எது முழங்கும் என்பது வேறு கணக்கு.

கணினிக்குள்ளேயே நூறு ஆம்ப் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது, அவற்றில் பல நன்றாகவும் ஒலிக்கின்றன. ஆனால் ஸ்பீக்கர் தள்ளுகிற காற்று காலில் படும்போது வாசிப்பவரின் கை மாறுகிறது. அழுத்தி அடித்துப் பழகியவர் தானாகவே மெதுவாகத் தொட ஆரம்பிக்கிறார். அந்த வித்தியாசம் டேக்கில் விழுகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

முதலில் ஃபெண்டர் '65 டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், இரண்டு 6வி6 பவர் வால்வு, வால்வு ரெக்டிஃபையர் (ஏசி கரண்டை டிசியாக்குவதும் வால்வே), 12 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்று. எதிரொலிப்பு தருகிற ஸ்பிரிங் ரிவெர்பும், சத்தத்தை அலையாக ஏற்றியிறக்குகிற ட்ரெமலோவும் உள்ளேயே இருக்கின்றன. 1960களின் கறுப்பு முகப்பு ஆம்ப்பின் மறுவார்ப்பு இது. மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கிற மாஸ்டர் வால்யூம் கிடையாது, எஃபெக்ட் பெட்டிகளை ஆம்ப்பின் நடுவில் இணைக்கிற எஃபெக்ட்ஸ் லூப் கிடையாது, மிட் குமிழ்கூடக் கிடையாது. ட்ரெபிளும் பேஸும் மட்டும். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் ஏழை இதுதான்.

காதுக்குப் போனால் கதை வேறு. இந்த ஆம்ப்பின் டோன் சர்க்யூட் 400, 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைப் பள்ளமாக இறக்கிவிடுகிறது. பாடுகிறவரின் குரல் கனமும், கீபோர்டின் இடதுகையும், ஆர்மோனியமும் நெருக்கியடித்து நிற்கிற இடம் அது. நம் பக்கப் பாட்டில் குரல்தான் ராஜா. அதற்கு வழிவிட்டு நிற்கிற கிட்டார் மிக்ஸில் பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. கொயருக்குப் பின்னால் இதை வைத்துப் பதிந்த டிராக்கில் ஈக்யூ (ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளை ஏற்றியிறக்குவது) தொடவே தேவைப்படாமல் போவதுண்டு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இதில் வைப்ராட்டோ, நார்மல் என்று இரண்டு சேனல். வைப்ராட்டோ சேனலில் நிரந்தரமாக ஒரு பிரைட் கப்பாசிட்டர் இருக்கிறது. வால்யூமைக் குறைத்து வைத்தால் அதனால் மேல்ஸ்தாயி ஊசி மாதிரி குத்தும். விவரம் தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்து அதைக் கழற்றிவிடுகிறவர்கள் பலர். கழற்ற மனமில்லாதவர் கிட்டாரை நார்மல் சேனலில் செருகலாம். அதில் அந்தக் கப்பாசிட்டர் இல்லை. ரிவெர்பும் இல்லை, ஆனால் பதிவுக்கு அது நல்லதே. ஸ்பிரிங் ரிவெர்போடு பதிந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

அடுத்து வாக்ஸ் ஏசி15. 1958இல் இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டு இஎல்84 வால்வு, 15 வாட். இன்று கடையில் கிடைக்கிற ஏசி15சி1இல் செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கரும் மாஸ்டர் வால்யூமும் ரிவெர்பும் ட்ரெமலோவும் உண்டு. தூக்கினால் 22 கிலோ. மாடிப்படி ஏறுகிறவர் யோசிக்க வேண்டும். மூன்றில் அழகி யார் என்று கேட்டால் தயங்காமல் இதையே சொல்வேன். 12 கம்பி கிட்டாரில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) பிரித்து வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக மினுங்கும். லேசாக உடைந்த ஒலியில் கார்டு அடித்தாலும் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை.

அந்த மினுக்கம்தான் எனக்குத் தடையும். அது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, பெண் குரலின் சொற்தெளிவு இருக்கிற இடத்திலேயே வந்து நிற்கிறது. டோன் கட் குமிழைத் திருப்பினால் அடங்கும். அடங்கியபின் வாக்ஸ் வாங்கிய பயனும் கொஞ்சம் அடங்கிவிடும். குரலே இல்லாத இசைக்கோ, கிட்டாரே முன்னால் நிற்கும் பாட்டுக்கோ இதற்கு இணை இல்லை. பராமரிப்பில் ஒரு சலுகை உண்டு: பயாஸ் என்பது வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்ற அமைப்பு; இதில் அது தானாகச் சரியாகிக்கொள்கிற கேத்தோடு பயாஸ் என்பதால் பவர் வால்வை மாற்றும்போது பயாஸ் சரிசெய்ய வேண்டியதில்லை. பழைய வால்வு ரேடியோ பழுது பார்த்த மெக்கானிக் யாராவது ஊரில் இருந்தால் இஎல்84ஐப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் இந்த வால்வுகள் சூடாகவே ஓடுகின்றன, சீக்கிரம் தேய்கின்றன.

மார்ஷல் டிஎஸ்எல்20 பையன்களின் ஆம்ப். இரண்டு இஎல்34, 20 வாட். 10 வாட்டாகக் குறைக்கவும் சுவிட்ச் உண்டு. இரண்டு சேனல், எஃபெக்ட்ஸ் லூப், ஸ்பீக்கர் ஒலியைப் போலி செய்து தருகிற லைன் அவுட்டும் உண்டு. வசதி என்று பட்டியல் போட்டால் மற்ற இரண்டும் பக்கத்தில் வரமுடியாது. அல்ட்ரா கெயின் சேனலில் கெயினைப் பாதி வைத்து, கீழ்க்கம்பியை உள்ளங்கையால் அழுத்தி அடித்தால் வருகிற அந்த இறுக்கமான உறுமல் பெடல் (காலால் அழுத்துகிற எஃபெக்ட் பெட்டி) வைத்து அப்படியே வருவதில்லை. பாறசாலைப் பையன்களின் முகம் அப்போது மலர்வதைப் பார்க்க வேண்டும்.

சங்கடம் கிளீனில், அதாவது உடையாத சுத்த ஒலியில், இருக்கிறது. கிளாசிக் கெயின் சேனலைச் சுத்தமாக வைத்தாலும் நடுப்பகுதி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். கொயர் பாட்டில் அதைக் குடைந்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை வேட்டிக்குச் சாயம் ஏற்றலாம், சாயம் ஏறியதை வெளுக்க வைப்பது பெரும்பாடு.

மெசா மார்க் ஃபைவ் 25ஐயும் சிலர் கேட்பார்கள். சின்னப் பெட்டிக்குள் ஆறு மோடு, கிராஃபிக் ஈக்யூ, லைன் அவுட் எல்லாம் உண்டு. நல்ல ஆம்ப்தான். ஆனால் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வருகிறவர் முன்னால் குமிழ்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. விட்டுவிடுகிறேன்.

இனி அந்த ஆலாபனைக்காரர். என் தீர்ப்பு அவரால்தான் முடிவானது. கிட்டாரில் கமகம் என்றால் என்ன என்று கேரளத்து ராக் ரசிகர்களுக்குக் காட்டியவர்களில் கொச்சி மதர்ஜேன் ராக் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன் முக்கியமானவர். அந்த வாசிப்பில் ஒரே மீட்டலில் விரல் மூன்று நான்கு சுரங்களைச் சறுக்கிக் கடக்கும். வெறும் கிளீன் ஆம்ப்பில் சறுக்கல் முடியும் முன்பே நாதம் செத்துவிடும். கெயினை அள்ளிக் கொட்டினாலோ சுரங்களின் இடைவெளி மழுங்கி, தோடியும் பைரவியும் ஒரே மாதிரி இரையும். தேவைப்படுவது நடுப்பகுதி நிறைந்த, மிதமான உடைவு.

டீலக்ஸ் ரிவெர்பின் முன்னால் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் ஒன்றை வைத்துப் பாருங்கள். அந்தப் பெடல் 700 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மேடு எழுப்புகிறது; ஆம்ப் விட்ட பள்ளத்தின் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. நாதம் நீளும், ஆனால் சுரம் கலங்காது. பெடலை அணைத்தால் அடுத்த நிமிடமே கொயர் கிட்டார் திரும்பக் கிடைக்கும். பையன்களுக்கு இன்னும் காரமான டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று. மார்ஷலின் உறுமல் முழுதாக வராது, முக்கால்வாசி வரும். அந்தக் கால்வாசிக்காக மற்ற இரண்டு பேரின் ஒலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ராக் பேண்ட் என்றால் மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கி டிஎஸ்எல் வாங்குங்கள்.

சத்தம் அடுத்த பிரச்சினை. டீலக்ஸ் தானாக உடைய வால்யூம் 5ஐ நெருங்க வேண்டும்; அப்போது பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படும். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் அடிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மைக் வைத்துக் காத்திருப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டுக்கும் மருந்து லோட் பாக்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்கிற பெட்டி. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பின் ஸ்பீக்கர் துளையை ஒரு ஸ்பீக்கர் கேபிளால் அதோடு இணைத்தால் ஆம்ப் முழு வேகத்தில் ஓடும், ஒலி ஒயர் வழியே பதிவுக்குப் போகும், அறையில் சத்தமே இருக்காது. டூ நோட்ஸ் கேப்டர் மாதிரியானவை 8 ஓம், 16 ஓம் என்று தனித்தனியாக வருகின்றன. டீலக்ஸுக்கு 8, ஏசி15க்கு 16. டிஎஸ்எல்லில் இரண்டுக்கும் துளை உண்டு. ஸ்பீக்கரும் லோடும் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகலாம், அது சின்னச் செலவல்ல. மழையில்லாத நாளில் எஸ்எம்57 மைக் ஒன்றை ஸ்பீக்கரின் நடுமூடி ஓரத்தில் வைத்தால் போதும்.

கரண்ட் விஷயத்தை யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லைப் பக்கத்தில் அதுதான் ஆம்ப்பின் ஆயுள். 230 வோல்ட் வந்தால் வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போகும். ராத்திரி லோடு குறைந்து 250 ஏறினால் அது 6.85 ஆகும், வால்வு சீக்கிரம் தேயும். சாயங்காலம் 190க்கு இறங்கினால் 5.2தான், ஒலி சோர்ந்துவிடும், காலையில் பதிந்த டேக்கோடு மாலையில் பதிந்தது ஒட்டாது. ஸ்டெபிலைசர் அவசியம், அதிலும் சர்வோ வகை. ரிலே வகை படி மாறும்போதெல்லாம் டக் என்று ஒலிப்பதிவுக்குள் விழும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். சிங்கிள் காயில் கிட்டார் (ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ளது) முனகினால் முதலில் எர்த் குழியைப் பாருங்கள், பிறகு ஆம்ப்பைச் சந்தேகப்படலாம்.

வால்வு விஷயத்தில் கைவசம் ஒரு செட் இருக்கட்டும். 2022இல் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது; இன்றும் பெருமளவில் வருவது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்ற மூன்று இடத்திலிருந்துதான். டீலக்ஸ் தன் 6வி6களை 400 வோல்ட்டுக்கு மேல் ஓட்டுகிறது, எனவே தாங்கக்கூடிய நல்ல வார்ப்பாக வாங்குங்கள். மாற்றும்போது பயாஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாங்குகிற வழி. குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வெளிநாட்டுச் சொந்தம் இல்லாத வீடு குறைவு. துபாயிலிருந்து வருவது நம் வோல்டேஜுக்குப் பொருந்தும். அமெரிக்காவிலிருந்து மச்சான் பாதி விலைக்கு டீலக்ஸ் கிடைக்கிறது என்று சொன்னால் அது 120 வோல்ட் ஆம்ப்பாகவே இருக்கும். நேரடியாகச் செருகினால் முதல் நாளே புகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அதன் விலையையும் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு பணம் அனுப்புங்கள்.