கைபேசி மூழ்கிய நாளில் தெரிந்தவை: நான்கு தனியுரிமைக் கருவிகள்

தனியுரிமைக் கருவிகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அவற்றை நிறுவிய முதல் வாரத்திலேயே எழுதப்படுகின்றன. அந்த வாரத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பிட்வார்டன், ஏஜிஸ், சிக்னல், யூபிளாக் ஆரிஜின் சேர்த்த ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய நான்கையும் நான் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். இடையில் ஒருமுறை என் கைபேசி தண்ணீரில் விழுந்து, மறுபடி உயிர்பெறவே இல்லை. கீழே உள்ள மதிப்பீடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாளில் உருவானவை.

பிட்வார்டன் 2016-இல் வெளிவந்த திறந்த மூலக் கடவுச்சொல் மேலாளர். கடவுச்சொற்கள் நம் கைபேசியிலோ கணினியிலோ மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, அதன் பிறகுதான் நிறுவனத்தின் வழங்கிக்குப் போகின்றன என்பதால், பெட்டகத்தைத் திறக்கும் சாவி அந்த நிறுவனத்திடம் இல்லை. எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். நான் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ஒருநாள், எனக்கு வரவேண்டிய பொதி பாதி வழியில் நிற்பதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. உண்மையாகவே ஒரு பொதியை எதிர்பார்த்திருந்ததால், இணைப்பைச் சொடுக்கி உள்நுழைவுப் பக்கம் வரை போய்விட்டேன். பக்கம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் பிட்வார்டன் வழக்கம்போல் பயனர்பெயரை முன்வைக்காமல், இந்தத் தளத்துக்கு எதுவும் சேமிக்கப்படவில்லை என்றது. அப்போதுதான் முகவரியை உற்றுப் பார்த்தேன்: பெயரின் நடுவே ஓர் எழுத்துக்குப் பதிலாக 1 என்ற எண் உட்கார்ந்திருந்தது. என் கண் ஏமாந்த இடத்தில் அது ஏமாறவில்லை. ஏனெனில் அது பார்ப்பது பக்கத்தின் தோற்றத்தை அல்ல, தள முகவரியை.

பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது என்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். மீட்டுத்தர முடிந்தால்தான் நான் கவலைப்படுவேன். அந்தக் கடவுச்சொல்லுக்கு டைஸ்வேர் முறையைப் பரிந்துரைப்பேன்: பகடையை ஐந்து முறை உருட்டி வரும் எண்ணுக்குரிய சொல்லை, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், இப்படி ஆறு சொற்கள் போதும். நாமே யோசித்துத் தேர்ந்தெடுக்கும் சொற்கள் இதற்கு ஆகாது. மனிதர் தற்செயல் என்று நினைத்துத் தேர்வதில் தற்செயல் மிகக் குறைவு.

இருபடிச் சரிபார்ப்பு என்பது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னோர் எண்ணையும் கேட்பது. அதற்கான ஆறிலக்க எண்களை, 30 வினாடிக்கு ஒன்றாக, ஏஜிஸ் உருவாக்கித் தருகிறது. இது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது. இணைய அனுமதியையே கேட்பதில்லை. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட இது மேலானது. நம் கைபேசி எண்ணை வேறொருவர் தம் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் குறுஞ்செய்தி அவருக்குப் போய்விடும். ஆனால் கைபேசி மூழ்கியபோது குறுஞ்செய்தியின் அருமையும் விளங்கியது: புதிய சிம் வாங்கியதும் எண்கள் மறுபடி வரத் தொடங்கின. எனக்குக் கிடைத்த அந்த வசதிதான் திருடனுக்கும் கிடைக்கிறது.

அன்று நடந்தது இது. புதிய கைபேசியில் பிட்வார்டன் ஆறிலக்க எண்ணைக் கேட்டது. எண் ஏஜிஸில். ஏஜிஸின் காப்புப்பிரதி மேகச் சேமிப்பில். அந்தச் சேமிப்பின் கடவுச்சொல்லும் காப்புப்பிரதியின் கடவுச்சொல்லும் பிட்வார்டனில். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். பழி முழுவதும் என்னுடையது. மடிக்கணினியின் உலாவியில் துணை நிரலாகச் சேர்த்திருந்த பிட்வார்டன் நீட்சி பூட்டிய நிலையில் இருந்ததால்தான் தப்பினேன். பூட்டியிருக்கும் பெட்டகத்தைத் திறக்க முதன்மைக் கடவுச்சொல் மட்டும் போதும். கணக்கிலிருந்தே வெளியேறியிருந்தால் ஆறிலக்க எண்ணும் வேண்டும். இருபடிச் சரிபார்ப்பை இயக்காதவர்களும் இந்தச் சுழலில் சிக்கலாம்: 2025 முதல், புதிய கருவியில் நுழையும்போது பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்புகிறது, மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்தால் கதை அதேதான்.

எந்த வழங்கியையும் நம்ப விரும்பாதவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் மேலாளர் இருக்கிறது. எல்லாம் ஒரே மறையாக்கக் கோப்பில், நம் கையிலேயே இருக்கும். அதைக் கருவிக்குக் கருவி நகலெடுத்துப் பேணும் பொறுமை உள்ளவர்களுக்கு அதுவே சிறந்தது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சிக்னல் ஒரு செய்திப் பரிமாற்றச் செயலி. அதன் மறையாக்க நெறிமுறையையே 2016 முதல் வாட்ஸ்அப்பும் முழுமையாகப் பயன்படுத்துகிறது. வேறுபாடு, செய்தியைச் சுற்றி என்னென்ன சேமிக்கப்படுகின்றன என்பதில்தான். 2016-இல் அமெரிக்க நீதித்துறை ஆணை வழியாக ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலிடம் கொடுக்க ஏதுமில்லை. இந்தச் சிக்கனத்துக்கு நாமும் விலை கொடுக்கிறோம். என் காப்புப்பிரதி கைபேசிக்குள்ளேயே இருந்ததால், அதுவும் சேர்ந்தே மூழ்கியது. பழைய உரையாடல்கள் எதுவும் திரும்பவில்லை. 2025-இல் வந்த மேகக் காப்புப்பிரதிக்கு 64 எழுத்துகள் கொண்ட மீட்புச் சாவி உண்டு. அதையும் தொலைத்தால் எவராலும் உதவ முடியாது.

விளம்பரங்களைத் தடுக்கும் உலாவி நீட்சியான யூபிளாக் ஆரிஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: நிறுவிவிட்டு மறந்துவிடலாம். அதன் முழு வடிவம் இப்போது குரோமில் இயங்குவதில்லை. சுருக்க வடிவம் மட்டுமே உண்டு. ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. இந்தப் பட்டியலில் விபிஎன் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்து, விபிஎன் நிறுவனத்திடம் காட்டுவதே அதன் வேலை. முன்னதைவிடப் பின்னதை நம்பக் காரணம் உள்ளவர்கள் வாங்கலாம்.

சென்ற மாதம், பழைய கைபேசி ஒன்றை வெறுமையாக்கி, காகிதத்தில் எழுதி வைத்திருந்ததை மட்டும் கொண்டு பிட்வார்டனில் நுழைந்து பார்த்தேன். ஆறிலக்க எண் கிடைக்காதபோது அதற்குப் பதிலாகக் கொடுக்கும், 32 எழுத்துகள் கொண்ட மீட்புக் குறியீட்டில் ஓர் எழுத்தை என் கையெழுத்தில் என்னாலேயே வாசிக்க முடியவில்லை. மூன்றாவது ஊகம்தான் சரியானது. அந்தக் குறியீடு ஒருமுறை மட்டுமே செல்லும். பயன்படுத்தியதும் இருபடிச் சரிபார்ப்பு அணைந்துவிடும். மறுபடி அதை இயக்கி, பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிய குறியீட்டை அச்சிட்டுக்கொண்டேன்.