வெள்ளிக்கிழமை பொலிஸ் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஏமாறாதீர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டக்களப்புச் செங்கலடிப் பக்கம் என் தம்பியின் ஆட்டோ ஒரு சைக்கிளில் தட்டிவிட்டது. சைக்கிளில் வந்த ஐயாவுக்கு முழங்கால் உராய்ந்தது, மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். தம்பியைக் கவனயீனமாக ஓட்டினான் என்று பொலிஸில் வைத்துக்கொண்டார்கள்.

அம்மாவும் நானும் வாசலில் நின்றபோது கக்கத்தில் பைலோடு ஒருவர் வந்தார். "தம்பி, இண்டைக்கு வெள்ளி. இப்ப முடிக்காட்டி திங்கள் மட்டும் உள்ளதான். முப்பத்தையாயிரம் தாங்க, பிணைக்கும் லோயருக்கும் சேத்து நான் பாக்கிறன்" என்றார். அம்மா அந்த இடத்திலேயே தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தா. அடகுக் கடை பூட்டுமுன் ஓடினேன்.

இரவு தம்பி வெளியே வந்தான். வந்ததும் சொன்னது இதுதான்: "ஆள் வந்து கையெழுத்து வைச்சாப் போகலாமெண்டு பொறுப்பதிகாரி நாலு மணிக்கே சொல்லிட்டார்." உள்ளே சொன்னது வாசலுக்கு வரவில்லை. புரோக்கர் செய்தது ஒன்றுமில்லை. லோயர் என்று யாரும் வரவும் இல்லை.

மறுகா ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கேட்டோம். இப்படியான சிறு விபத்துக்குப் பொலிஸ் பிணை கொடுக்கலாமாம். கொடுக்காவிட்டாலும் பிடித்து 24 மணித்தியாலத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதவான் முன் நிறுத்தியே ஆக வேண்டும். சனி ஞாயிறு என்றால் நீதவானின் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். "திங்கள் மட்டும்" என்பது சுத்தப் பொய். ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லவேண்டும் என அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையே சொல்கிறது.

காசை விட எனக்கு வலித்தது வேறொன்று. தம்பியின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது, வாசித்துக் காட்டாமலே ஒப்பம் வாங்கியிருக்கிறார்கள். அதில் "வேகமாக வந்தேன்" என்று இருந்ததாம். அவன் அப்படிச் சொல்லவேயில்லை. விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டி, பிழை இருந்தால் திருத்த விட்ட பிறகே ஒப்பம் கேட்கலாம். வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. தமிழில் எழுதச் சொல்லுங்கள், சத்தம் போட்டாலும் சொல்லுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். லோயருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

போன வெள்ளியும் அதே வாசலால் போனேன். பைலோடு அந்த ஆள் நின்றார், பக்கத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தா. இறங்கிப் போய் அவவிடம் இதையெல்லாம் சொன்னேன்.